வழக்கில் பெயர் இல்லாத பிள்ளை

(‘அங்கீகாரம் மறுக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே வெல்ல வேண்டியது இரக்கமா? விதியா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘விதியே’ என்னும் அணியில் பேசியது)



எனக்கு இந்த அணியைக் கொடுத்தபோதே சங்கடம் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் கிளம்பும்போது என் மனைவி கேட்டார்கள், “இன்னிக்கு எந்தப் பக்கம் பேசுறீங்க?” நான் சொன்னேன், “விதியே!” “அதுக்கு ஏன் இப்படி அலுத்துக்கிறீங்க? பிடிக்கலேன்னா போகாதீங்க”ன்னாங்க. (சிரிப்பு) இரக்கம் என்று சொல்கிறவருக்கு உடனே கைதட்டல் விழும். விதி என்று சொல்கிறவனை, ஹெல்மெட் போடாதவன் போலீஸ்காரரைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். பரவாயில்லை, கொஞ்ச நேரம் பொறுத்துக் கேளுங்கள்.

எதிரணியில் பேசிய அம்மா ஒரு பெண்பிள்ளையின் கதையைச் சொன்னார்கள். தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினாள். மகள் இரண்டு வருஷம் பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, உன் பள்ளிக்கு அங்கீகாரமே இல்லை, ஹால் டிக்கெட் வராது என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதி ஒரு வார்த்தை சொன்னால் அவள் தேர்வு எழுதலாம், சொல்லக்கூடாதா என்று கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் என் வகுப்புக்கும் வந்திருக்கிறார்கள்.

ஆனால் அய்யா, ஒரு வழக்கு என்றால் யார் யார் கட்சிக்காரர்கள் என்று முதலில் பார்க்க வேண்டாமா? மனுவை எடுத்துப் பாருங்கள். மனுதாரர், பள்ளியை நடத்துகிற அறக்கட்டளை. எதிர்மனுதாரர், அரசாங்கம். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னாலேயே வருகிறவர்கள், படிக்கிற மாணவ மாணவியர். மூன்று பேருக்கும் வக்கீல் உண்டு. மூன்று பேருக்காகவும் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து நின்று பேசுவார்.

இன்னொருத்தன் இருக்கிறான். வயசு ஆறு. ஏதோ ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், முதல் வகுப்பில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து சான்றிதழ் வாங்கி வருகிற டீச்சர்தான் அவன் கையைப் பிடித்து ‘அ’ போடச் சொல்லித் தரப் போகிறார். அவனோடு முடியுமா? வருஷத்துக்கு முப்பது பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும், முப்பது வருஷ வேலையில் 900 பிள்ளைகள். அந்த 900 பேருக்கும் வக்கீல் கிடையாது. மனுவில் பெயர் கிடையாது. நீதிமன்ற வாசல் எந்தப் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நடுவர் அவர்களே, இன்றைக்கு என்னுடைய வக்காலத்து அந்த மூக்கு உறிஞ்சுகிற பயலுக்கு. (கைதட்டல்)

சரி, அங்கீகாரம் மறுக்கிறார்களே, எதற்காக மறுக்கிறார்கள்? ஆட்களைப் பார்த்தா மறுக்கிறார்கள்? இந்தியா முழுமைக்குமாக 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 1995 ஜூலை முதல் நடைமுறைக்கும் வந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் என்று ஓர் அமைப்பு. அதற்கு முன்னால் மாநில அரசுகளே தங்கள் தங்கள் விதிப்படி அங்கீகாரம் கொடுத்துக்கொண்டிருந்தன. இந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு என்ன கேட்கிறது? பணவசதி இருக்கிறதா, இடம் இருக்கிறதா, நூலகம் இருக்கிறதா, தகுதியுள்ள ஆசிரியர் இருக்கிறார்களா, ஆய்வுக்கூடம் இருக்கிறதா. இவ்வளவுதான் கேள்வி. பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட இதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள்! (சிரிப்பு)

ஒரு தடவை நானே பார்வையிடப் போன குழுவில் ஒருவனாக இருந்தேன். ஊர் சொல்ல மாட்டேன், பள்ளியின் பெயரும் சொல்ல மாட்டேன். போன உடனே இளநீர், ரோஜா மாலை, சந்தனம். எனக்கு அப்போதே சந்தேகம். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு அலமாரி நிறையப் புத்தகம். தமிழ் வாத்தியார் கை சும்மா இருக்குமா? ஒரு புத்தகத்தை உருவினேன். முதல் பக்கத்தில் வேறு ஊர்க் கல்லூரியின் முத்திரை. அடுத்ததை உருவினேன். அதில் மூன்றாவது ஊர். தாளாளர் அசரவே இல்லை. “அய்யா, அறிவுக்கு ஊர் உண்டுங்களா?” என்றார். (சிரிப்பு) உளவியல் ஆய்வுக்கூடம் எங்கே என்று கேட்டோம். ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரிக்காமல் வைத்திருந்தால்தான் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாராம். பிள்ளைகள் பாடம் நடத்திப் பழகுகிற மாதிரிப் பள்ளி எங்கே என்றோம். “பக்கத்து ஊர்ல இருக்குங்க, பஸ் இப்பத்தான் போச்சு” என்றார்கள்.

நாங்கள் குறை எழுதிக் கொடுத்தோம். அங்கீகாரம் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட அன்றைக்கு அங்கே எத்தனை பேர் சேர்ந்திருந்தார்கள் தெரியுமா? ஐம்பது பேர்! விண்ணப்பம் மேசையில் இருக்கும்போதே பந்தியைப் போட்டுவிட்டார்கள். அடுத்து என்ன? “அதிகாரிகள் உள்நோக்கத்தோடு மறுத்துவிட்டார்கள்” என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி வழக்குக்கு ஒரு நாள்காட்டி உண்டு. ஜூனில் சேர்க்கை. ஆகஸ்டில் மறுப்பு. செப்டம்பரில் மனு. அக்டோபரில், வழக்கு முடிகிற வரைக்கும் பள்ளி நடக்கட்டும் என்று ஓர் இடைக்கால உத்தரவு. அதற்கப்புறம் நிர்வாகத்துக்கு அவசரமே கிடையாது. வக்கீலுக்கு வாய்தா, அரசாங்கத் தரப்புக்குப் பதில் மனு எழுத நேரம், நடுவில் கோடை விடுமுறை. இரண்டு வருஷம் ஓடிப் போகும். தேர்வு வரும்போது நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றுகொள்ளும். முன்னால் யார்? அந்த ஐம்பது பிள்ளைகள். “கனம் நீதிபதி அவர்களே, எங்கள் தப்பை மறந்துவிடுங்கள், இந்தக் குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள்.” கட்டடம் இல்லை என்ற குறை அந்த இரண்டு வருஷத்தில் தீர்ந்ததா? நூலகம் வந்ததா? ஒன்றும் இல்லை. வளர்ந்தது பரிதாபம் ஒன்றுதான். எதிரணி அம்மா சொன்னார்களே, அந்தப் பெண்ணின் கண்ணீர், அதைப் பயிரிட்டு அறுவடை செய்கிறவர் இருக்கிறார் அம்மா. நீங்கள் அழ வேண்டியது அவளைப் பார்த்து. கேள்வி கேட்க வேண்டியது அவரை.

இது என் கற்பனை இல்லை. 1986-ல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து இப்படி ஒரு வழக்கு, நாகேஸ்வரம்மா வழக்கு என்று பெயர், உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. ஏழைகள் பக்கம் மனசு சாய்கிற நீதிபதி என்று பெயர் எடுத்தவர் அவர். அவரே என்ன சொன்னார்? சரியான பயிற்சி இல்லாத ஆசிரியர்களை, ஒன்றும் அறியாத குழந்தைகள் மேல் அவிழ்த்துவிட முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தொனியைக் கவனியுங்கள். சட்டப் புத்தகத்துப் பேச்சா இது? வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருக்கிறவன் பேச்சு.

நம்ம ஊர் வழக்கு ஒன்று. தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத பயிற்சி நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பிள்ளைகள் தேர்வு எழுதட்டும் என்று மனிதாபிமானத்தின் பேரில் உத்தரவு கிடைத்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. அனுமதி இல்லாமல் பிள்ளைகளைச் சேர்ப்பது, சேர்த்த பிறகு அவர்களைக் காட்டித் தேர்வுக்கு அனுமதி கேட்பது, இந்தப் பழக்கத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை என்று சொன்னது. மறு வருஷமே, 1992-ல், மகாராஷ்டிரத்திலிருந்து இன்னொன்று. அதிலும் அதே முடிவு. ஆந்திரம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம். மொழி வேறு, சாப்பாடு வேறு, இந்தத் தந்திரம் மட்டும் தேசிய ஒருமைப்பாடு! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி கெட்டிக்காரர். அவர் கண்ணீர் விடவில்லை, கணக்குப் போட்டார். “அங்கீகாரம் இல்லேன்னா என்ன சார்? தேர்வு அரசாங்கம்தானே நடத்துது? தெரிஞ்சவன் தேறுவான், தெரியாதவன் தோற்பான். தேர்வே வடிகட்டிடும்ல?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இதே கேள்வியை அந்த ஆந்திர வழக்கிலேயே நீதிபதி எடுத்துப் பார்த்திருக்கிறார். தேர்வில் தேறியாக வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாமல் இருக்கலாம். ஒழுங்கான ஒரு நிறுவனத்தில் குறைந்தபட்சக் காலம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன பதிலின் சாரம்.

ஏன் போதாது? தம்பி, நீங்கள் நீச்சலைப் பற்றி மூன்று மணி நேரம் பரீட்சை எழுதி நூற்றுக்கு நூறு வாங்கலாம். உங்களைக் கிணற்றில் தள்ளிவிட்டு நான் கரையில் நிற்கிறேன். (சிரிப்பு) உங்களையாவது தள்ளலாம், நீங்கள் பெரிய ஆள். இங்கே கிணற்றுக்குள் விழப்போவது குழந்தை.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புக் கணக்கு. 42-லிருந்து 17 போனால் எவ்வளவு? பயிற்சி இல்லாத ஒரு ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். “ரெண்டுல ஏழு போகாது. பக்கத்து வீட்டுல கடன் வாங்கு.” ஒரு பயல் எழுந்து கேட்கிறான், “சார், கடன் வாங்கினா எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?” (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அவன் கேட்டதில் என்ன தப்பு? அவன் வீட்டில் கடன் என்றால் திருப்பிக் கொடுக்கிற சமாச்சாரம். கந்துவட்டிக்காரர் வந்து வாசலில் நிற்பதைப் பார்த்த பிள்ளை அவன். அதுமட்டுமா, வாங்கினது ஒன்று, அது இங்கே வந்ததும் எப்படிப் பத்து ஆனது? அவனுக்குப் புரியவில்லை. அந்த ஆசிரியருக்கும் தெரியாது. “அதிகப்பிரசங்கி, உட்காருடா” என்கிறார். அன்றைக்கு அவன் கணக்கைக் கைவிடுகிறான். இருபது வருஷம் கழித்துக் கேட்டால், “எனக்குக் கணக்கு வராதுங்க” என்பான்.

பயிற்சி பெற்ற டீச்சர் என்ன செய்வார்? ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துக்கொண்டு வருவார். நாலு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. அதுதான் 42. “இதிலேருந்து ஏழு குச்சி எடு கண்ணு.” உதிரி இரண்டுதான் இருக்கிறது. பிள்ளையே சொல்லும், “டீச்சர், கட்டைப் பிரிக்கட்டுமா?” பிரித்தால் பத்து. கடனும் இல்லை, வட்டியும் இல்லை! இந்த ஈர்க்குச்சி விவரம் பரீட்சைத் தாளில் இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். ஆனால் நாற்பது பிள்ளைகள் சத்தம் போடுகிற வகுப்பில் ஒரு பிள்ளை “பிரிக்கட்டுமா?” என்று கேட்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் பாருங்கள், அதை வகுப்பில் நின்றுதான் பழக முடியும். பாடக்குறிப்பு எழுத வேண்டும். மாதிரிப் பள்ளியில் நின்று நடத்த வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து மூத்த ஆசிரியர் பார்க்க வேண்டும். முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “அந்தக் கடைசிப் பெஞ்சுப் பொண்ணை நீ ஒரு தடவைகூடப் பார்க்கலையே அம்மா” என்று சொல்ல வேண்டும். பஸ் இப்பத்தான் போச்சு என்கிற பள்ளியில் இதை யார் சொல்வார்கள்?

தேர்வு வடிகட்டும் என்றீர்களே, வடிகட்டித்தான் பார்த்தார்களே! தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், கொடுத்த நேரம் ஒன்றரை மணிதான். குறைவு என்று எல்லோரும் சொன்னதால் அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். இருந்தாலும் அத்தனை பேரும் ஏற்கனவே சான்றிதழ் வாங்கினவர்கள் அய்யா. இரண்டு வருஷமோ ஒரு வருஷமோ படித்து, பணம் கட்டி, தேர்வில் தேறினவர்கள். பள்ளியில் செய்யாத வேலையைப் பரீட்சையில் செய்ய நினைத்தால், நஷ்டம் யாருக்கு? அதே ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

நான் தமிழ் வாத்தியார். நன்னூலைத் தொடாமல் இறங்கினால் என் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பவணந்தி முனிவர் இலக்கணம் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், பாயிரத்தில், யார் ஆசிரியர் என்று சொல்கிறார். நிலம் மாதிரி, மலை மாதிரி, தராசு மாதிரி, பூ மாதிரி இருக்க வேண்டும் என்கிறார். அதோடு விட்டாரா? யார் ஆசிரியர் ஆகமாட்டார் என்றும் ஒரு பட்டியல் கொடுக்கிறார். அங்கீகாரம் மறுப்பு! (சிரிப்பு) அதில் ஒன்று, கழற்சிக்காய் போட்ட குடம். சின்னப் பிள்ளையில் கழற்சிக்காய் ஆடியவர்களுக்குத் தெரியும். குடத்துக்குள் ஒன்றொன்றாக வரிசையாகப் போடுங்கள். கவிழ்த்தால் போட்ட வரிசையிலா வரும்? முன்னால் போட்டது பின்னால் வரும், நடுவில் போட்டது தெருவில் ஓடும். அந்த ஆளுக்குள் விஷயம் இல்லை என்று பவணந்தியார் சொல்லவில்லை. காய் உள்ளே நிறைய இருக்கிறது. பிள்ளைக்கு எந்த முறையில் தர வேண்டும் என்பது தெரியவில்லை. தேர்வு எழுதிப் பார்த்தால் குடம் நிறைந்திருப்பது தெரியும். கவிழ்த்துப் பார்த்தால்தானே தம்பி, வரிசை தெரியும்?

இப்போது எதிரணிக்கு ஒரு சலுகை தருகிறேன். அரசாங்கம் மறுத்தால் அது எப்போதும் சரி என்று நான் சொல்லவே மாட்டேன். அதிகாரி கையில் ஒரு முத்திரை இருக்கிறது என்றால், அதை எடுத்து நல்லவன் தலையிலும் குத்துவான். குஜராத்தில் ஒரு கிறித்தவ சங்கம் 42 தொடக்கப் பள்ளிகள் நடத்தியது. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்காக ஒரு பயிற்சிக் கல்லூரியும் நடத்தியது. 1955-ல் அன்றைய பம்பாய் அரசு ஓர் உத்தரவு போட்டது. நூற்றுக்கு 80 இடம் அரசாங்கம் அனுப்புகிற ஆட்களுக்கு. மாட்டேன் என்றால் மானியம் போகும், அங்கீகாரமும் போகும் என்று மிரட்டல். இது என்ன அய்யா நியாயம்? வீட்டைக் கட்டினவன் திண்ணையில், வந்தவர் கட்டிலில்! சித்ராஜ்பாய் வழக்கு என்று அதற்குப் பெயர். 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பிய கல்வி நிலையத்தை நிறுவி நடத்தலாம் என்று அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. மானியத்தையும் அங்கீகாரத்தையும் காட்டி அந்த உரிமையைப் பறித்தால், உரிமை என்பது வெறும் மாயத்தோற்றமாகப் போய்விடும் என்று சொல்லி, அந்த உத்தரவு செல்லாது என்றது.

எதிரணித் தலைவர் இந்த வழக்கைச் சொல்லி, “பார்த்தீர்களா, நீதிமன்றம் பள்ளியைக் காப்பாற்றியது” என்றார். காப்பாற்றியது உண்மை. எதை வைத்துக் காப்பாற்றியது? இரக்கத்தையா? அந்தக் கல்லூரி, “எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்” என்று போகவில்லை. “எங்கள் உரிமையைப் பாருங்கள், புத்தகத்தில் எழுதியிருக்கிறது” என்று போனது. நாட்டிலேயே பெரிய விதிப் புத்தகத்தைக் காட்டி ஜெயித்தது. ஆக, நீங்கள் உங்கள் கட்சிக்குக் கொண்டுவந்த சாட்சி எங்கள் கட்சிக்கல்லவா பேசுகிறார்! (கைதட்டல்)

விதி என்றால் பள்ளிக்கு மட்டும் போடுகிற கயிறு இல்லை. அதிகாரிக்கும் கயிறுதான். அந்த 1993 சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுப்பதற்கு முன்னால் பள்ளி தன் பக்கத்தை எழுதிக் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும். மறுத்த பிறகு மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. காரணம் சொல்லாமல் மறுத்தால், வாய்ப்புக் கொடுக்காமல் மறுத்தால், அந்தப் பள்ளி தாராளமாக நீதிமன்றம் போகட்டும், ஜெயிக்கட்டும். நானே வந்து கைதட்டுகிறேன். பயிற்சி நிறுவனம் ஒன்று, மாநில அரசின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியே செல்லாது என்று வழக்குப் போட்டு, அது 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விதி செல்லும் என்றார்கள். மாநிலத்தில் எத்தனை ஆசிரியர் தேவை, உள்ளூர் நிலைமை என்ன என்பது மாநில அரசுக்குத்தானே தெரியும்? ஆனால் கடைசி முடிவு எடுக்கிற அதிகாரம் தேசியக் குழுமத்துக்குத்தான் என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். மாநில அதிகாரியின் கையில் மொத்தச் சாவியையும் கொடுத்துவிடவில்லை.

அங்கீகாரம் கொடுத்தவர்கள் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆசிரியர் கல்வி எப்படி இருக்கிறது என்று பார்க்க உச்ச நீதிமன்றமே நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஓர் ஆணையம் வைத்தது. 2012-ல் அறிக்கை வந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அந்த ஆணையத்தை எடுத்துக்காட்டிச் சொன்னது என்ன தெரியுமா? தனித்து இயங்குகிற ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் 10,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான ஆசிரியர் கல்விக்கு முயற்சிகூடச் செய்யவில்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று. அந்தக் கொள்கையின் மற்ற விஷயங்களில் ஆயிரம் சண்டை இருக்கட்டும், இந்த வரியை மறுக்க ஆள் வரட்டும் பார்ப்போம். விதி இருந்தும் இந்தக் கதி. விதியைத் தளர்த்திவிட்டால்?

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அடகு வைத்த சங்கிலி. அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேனா? கிடையவே கிடையாது. எதிரணி நண்பர்கள் காட்டுகிற இரக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். அவளுக்கு ஹால் டிக்கெட் கொடு என்கிறார்கள். ஹால் டிக்கெட் கொடுத்தால் பணம் வாங்கின தாளாளருக்கு என்ன செலவு? ஒரு பைசா கிடையாது. அடுத்த ஜூனில் இன்னொரு ஐம்பது பேரைச் சேர்ப்பார், இந்த உத்தரவையே விளம்பரத் தட்டியில் போடுவார். நான் கேட்கிற இரக்கம் வேறு. வாங்கின பணத்தை வட்டியோடு அவளிடம் திருப்பிக் கொடு. இழந்த இரண்டு வருஷத்துக்கு நஷ்ட ஈடு கொடு. அங்கீகாரம் உள்ள பள்ளியில், அரசாங்கத்தின் மாவட்டப் பயிற்சி நிறுவனத்தில், அவள் முதலிலிருந்து முறையாகப் படிக்க வழி செய். அவளுக்கும் நல்லது, அவள் வகுப்பில் உட்காரப்போகிற பயலுக்கும் நல்லது. இதில் நஷ்டம் வருகிற ஒரே ஆள் தாளாளர். அவர் தாங்குவார், வாசலில் கார் நிற்கிறது. (கைதட்டல்)

“அதுவரைக்கும் அவள் வயசு நிற்குமா சார், கல்யாணப் பேச்சு வந்துடுமே” என்று எதிரணி அம்மா அங்கிருந்தே கேட்கிறார்கள். நிற்காது அம்மா. அந்த இழப்பை நான் சின்னதாக்கிப் பேசவில்லை. அதனால்தான் இந்த வழக்குகள் தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னால் முடியக்கூடாது, சேர்க்கைக்கு முன்னாலேயே முடிய வேண்டும் என்கிறேன். அங்கீகாரம் கையில் வராமல் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதே என்று முதல் நாளே உத்தரவு போட்டால், யார் சங்கிலியும் கடைக்குப் போகாது.

நடுவர் அய்யா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கப் போகிறீர்களா? வாசல் வளைவையும் தோரணத்தையும் பார்க்காதீர்கள். அங்கீகார உத்தரவைக் கொண்டாங்க என்று கேளுங்கள். “விண்ணப்பிச்சிருக்கோம், வந்துடும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். “கோர்ட்டு உத்தரவு இருக்கு” என்றால், இறுதி உத்தரவா இடைக்கால உத்தரவா என்று கேளுங்கள். உத்தரவில் இருக்கிற பெயரும் வாசலில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா, எந்த வருஷத்துக்கு, எத்தனை பேருக்கு அனுமதி என்று வரி வரியாகப் படியுங்கள். நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தை உருவி, முதல் பக்கத்தில் எந்த ஊர் முத்திரை என்று பாருங்கள். அதற்கப்புறம் அடகுக் கடைப் பக்கம் போகலாம்.

மணி அடித்துவிட்டார்.